பந்தியில் இல்லாத விடை

அக்கா இங்கிலீசுச் சோதனையில் தவறிய வருடம் எங்கள் வீட்டில் அதிகம் சந்தோஷப்பட்ட ஆள் நான்தான். தவறியதால் அவள் திரும்பவும் படிக்க வேண்டியிருந்தது. படித்து எழுதியதைத் திருத்த ஓர் ஆள் வேண்டியிருந்தது. அப்பாவுக்குத் தேயிலை அரைக்கிற ஸ்டோரில் இரவும் பகலும் மாறி மாறி வேலை. அம்மாவுக்குத் தன் பேரைத் தமிழில் எழுதுவதற்குள் வியர்த்துவிடும். ஆகவே அந்தப் பதவி நாலாம் ஆண்டில் படித்துக்கொண்டிருந்த எனக்கு வந்து சேர்ந்தது. கூடவே ஒரு சிவப்புப் பேனாவும் கிடைத்தது.

பதினோராம் ஆண்டு முடிவில் எழுதும் ஓ.எல். சோதனையில் மற்ற எல்லாப் பாடமும் அக்கா பாஸ். இங்கிலீசு மட்டும் காலை வாரிவிட்டது. அது இல்லாவிட்டால் என்ன என்று தோட்டத்தில் பலர் கேட்டார்கள். அம்மா கேட்கவில்லை. ஒருமுறை தெல்தோட்டைக் கடைவீதியில் மருந்துக்கடைக்குப் போனபோது, வெள்ளை மேல்சட்டை போட்ட ஒரு பெண், டாக்டரின் கிறுக்கலைப் பார்த்த மாத்திரத்தில் வாசித்து மாத்திரை எடுத்துக் கொடுத்ததை அம்மா கண்டிருந்தார். அன்றிலிருந்து அக்காவுக்கு அந்த மேல்சட்டையை மனதுக்குள் தைத்துக்கொண்டே இருந்தார். பாஸ் பண்ணாவிட்டால் ஒன்று கொழுந்துக் கூடை, இல்லாவிட்டால் அரபு நாட்டில் யார் வீட்டுச் சமையலறையோ. எங்கள் லயத்து வரிசை வீடுகளில் அக்காவின் வயதுப் பிள்ளைகள் இரண்டு பேர் அப்படி ஏற்கெனவே விமானம் ஏறியிருந்தார்கள்.

படிப்பு என்றால் பெரும்பாலும் ஒரே ஒரு புத்தகம்தான். பழைய வினாத்தாள்களில் வந்த வாசிப்புப் பந்திகளைத் தொகுத்து, கீழே கேள்விகளும் கடைசிப் பக்கங்களில் விடைகளும் போட்டிருந்தார்கள். பந்திகளில் வருகிறவர்கள் எங்களுக்குத் தெரிந்த எவரைப் போலவும் இல்லை. விடுமுறை வந்தால் மாமாவின் பண்ணைக்குப் போவார்கள், படகு ஓட்டுவார்கள், வழியில் கிடந்த பணப்பையை உரியவரிடம் ஒப்படைத்துப் பாராட்டுப் பெறுவார்கள். யாருக்கும் காய்ச்சல்கூட வந்ததில்லை. எனக்கு இங்கிலீசு தெரியாது. அக்கா எழுதியதையும் கடைசிப் பக்கத்தில் இருப்பதையும் எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பார்த்து, ஒத்திருந்தால் சரி போடுவேன். ஓர் எழுத்துக் குறைந்தாலும் இரக்கம் காட்டமாட்டேன்.

தெல்தோட்டையில் சனிக்கிழமை டியூசன் நடத்திய சேர் அக்காவுக்கு இரண்டு விதிகள் சொல்லியிருந்தார். அவள் அவற்றை வீட்டில் வந்து அவருடைய குரலிலேயே சொல்லிக் காட்டுவாள்.

"தெரியாத சொல்ல பாத்து மலைச்சு நிக்காதீங்க. தெரிஞ்ச ஒரு சொல்ல புடிச்சுக்கங்க. மிச்சத்த அது காட்டிக் குடுத்துரும்."

இரண்டாவது விதி இன்னும் கண்டிப்பானது. "பந்தியில இருக்கிறத மட்டும் எழுதுங்க. ஒங்க சொந்தக் கதய யாரும் கேக்கல."

அக்கா கேள்வியை முதலில் வாசிப்பாள். பிறகு பந்திக்குள் இறங்கி, உதடு மட்டும் அசைய, வரி வரியாகத் தேடுவாள். விடை இருக்கிற வரியைக் கண்டுபிடித்ததும் அதன் கீழே கட்டைவிரல் நகத்தை அழுத்துவாள். அந்தப் புத்தகத்தில் பேனாக் கோட்டைவிட நகக்கோடுகள்தான் அதிகம். அம்மா அடுப்படியில் ரொட்டிக்கு மாப் பிசைந்துகொண்டே, "எத்தன புள்ளி?" என்று கேட்பார். நான் பத்துக்கு ஆறு என்று சொன்னால் பிசைகிற கை நின்றுவிடும். எட்டு என்றால் எனக்குத் தேங்காய்ச் சில்லு ஒன்று கிடைக்கும். அதனால் நான் சில நாட்கள் கொஞ்சம் தாராளமாகவும் இருந்ததுண்டு.

அந்த வருடம் நடுவில் அம்மாவுக்குச் சாப்பாடு செல்லாமல் போனது. வெறும் வயிற்றெரிச்சல், கேஸ்டிக் என்று தோட்டத்து டிஸ்பென்சரியில் வெள்ளை மாத்திரை கொடுத்தார்கள். அம்மாவும் கேஸ்டிக்கை ஏசிக்கொண்டே கொழுந்து பறிக்க மலைக்குப் போய் வந்தார். பிறகு கண் மஞ்சளானது. கண்டிப் பெரியாஸ்பத்திரிக்குத் துண்டு கொடுத்தார்கள். அங்கே படம் பிடித்தார்கள், இரத்தம் எடுத்தார்கள், திரும்ப ஒரு கிளினிக் நாளுக்கு வரச் சொன்னார்கள். அப்பா வந்தால் அன்றைய பேரும் அதற்கான கூலியும் போய்விடும் என்பதால் அக்கா துணைக்குப் போனாள். வீட்டில் விட்டுவிட்டுப் போக ஆளில்லாததால் நானும் போனேன்.

காலையில் புறப்பட்டது. கலஹா தாண்டுவதற்குள் நான் இரண்டு தரம் வாந்தி எடுத்தேன். அம்மா, தானே நோயாளி என்பதை மறந்து, என் தலையைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

கிளினிக்கில் மர வாங்கு வாங்காக உட்கார்ந்து நகர்ந்து, மத்தியானம் நெருங்கும் நேரத்தில் பெரிய டாக்டரின் மேசைக்கு முன்னால் போய்ச் சேர்ந்தோம். அம்மா கதிரையில் உட்கார்ந்தார். அக்கா என் கையைப் பிடித்தபடி பின்னால் நின்றாள். டாக்டரைச் சுற்றி டாக்டருக்குப் படிக்கிற பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். அக்காவைவிட நாலைந்து வயதுதான் கூட இருக்கும். டாக்டர் அம்மாவிடம் சிங்களத்தில் இரண்டு கேள்வி கேட்டார். அம்மாவின் வயிற்றை அழுத்திப் பார்த்தார். படத்தை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். அதன் பிறகு அந்தப் பிள்ளைகளின் பக்கம் திரும்பி இங்கிலீசில் பேச ஆரம்பித்தார்.

எனக்கு ஒரே ஆச்சரியம். அது எங்கள் புத்தகம் போலவே இருந்தது. அவர் கொஞ்சம் நீளமாகச் சொல்கிறார், பிறகு கேள்வி கேட்கிறார், அவர்கள் விடை சொல்கிறார்கள். பிழை என்றால் தலையை ஆட்டிவிட்டு அடுத்தவரைப் பார்க்கிறார். அம்மா யார் பேசினாலும் அவர் முகத்தை மரியாதையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் மூன்று பேரில் எவருக்காவது அது விளங்கும் என்று அங்கே ஒருவரும் நினைக்கவில்லை. நினைக்க நியாயமும் இல்லை. அம்மாவின் காலில் இரப்பர் செருப்பு, அக்காவின் கையில் சோற்றுப் பார்சல்.

கடைசியாக டாக்டர் ஏதோ கேட்டார். ஒற்றைப் பின்னல் போட்ட மாணவி ஒருத்தி சன்னமான குரலில் விடை சொன்னாள். அதில் எனக்கு ஒரு சொல் பிடிபட்டது. டிசம்பர். டாக்டர் ஆமென்று தலையாட்டினார். அதே நேரத்தில் அக்காவின் கட்டைவிரல் நகம் என் உள்ளங்கையில் இறங்கியது. நான் கையை இழுத்துக்கொள்ளாமல் அண்ணாந்து பார்த்தேன். அவள் உதடு அசைந்துகொண்டிருந்தது. விடையைக் கண்டுபிடித்துவிட்டாள் என்று நினைத்தேன். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

டாக்டர் அம்மாவிடம் திரும்பி, "பய வென்ன எப்பா" என்றார். பயப்பட வேண்டாம் என்று அர்த்தம். அந்தளவு சிங்களம் எனக்கும் தெரியும். மாத்திரை எழுதித் தந்தார்கள். வெளியே வந்து மரநிழலில் சோற்றுப் பார்சலை அவிழ்த்துச் சாப்பிட்டோம். பஸ்ஸில் ஏறி, ஊர் நெருக்கடி முடிந்து மலை ஏறத் தொடங்கிய பிறகுதான் அம்மா கேட்டார்.

"அந்த இங்கிலீசெல்லாம் ஒனக்கு வெளங்குச்சா புள்ள?"

"கொஞ்சம் வெளங்குச்சும்மா."

"என்ன சொன்னாங்க? டிசம்பர்னு என்னமோ காதுல விழுந்துச்சே."

நானும் சேர்ந்துகொண்டேன். "ஆமா, எனக்கும் கேட்டுச்சு. டிசம்பர்னு சொன்னாங்க."

அக்கா ஜன்னல் பக்கம் இருந்தாள். மழைக்கு ஜன்னல் மூடியிருந்தது, வெளியே பார்க்க ஒன்றும் இல்லை. ஆனாலும் அவள் வெளியே பார்த்துக்கொண்டுதான் சொன்னாள். "மருந்த ஒழுங்கா குடிச்சா டிசம்பருக்குள்ள சொகமாயிரும்னு சொன்னாங்க."

அந்த மாணவி சொன்னது, நோயாளி டிசம்பரைக் காணமாட்டார் என்பது. அக்கா அதை எனக்குச் சொன்னபோது எனக்குக் கல்யாணமாகி ஒரு பிள்ளையும் இருந்தது. பண்ணைக்குப் போன பிள்ளைகளோடு மாதக் கணக்காக மல்லுக்கட்டிய அவள், புத்தகம் இல்லாமல், யாரும் திருத்தாமல், ஒரு சொல் விடாமல் விளங்கிக்கொண்ட முதல் இங்கிலீசு அதுதானாம்.

அம்மா சிரித்தார். "டிசம்பர்லதான் ஒனக்கும் சோதன. ரெண்டு பேரும் ஒண்ணா பாஸ் பண்ணுவோம்" என்றார். பிறகு என் பக்கம் குனிந்து, "அக்காவுக்கு எத்தன புள்ளி குடுக்கலாம்?" என்று கேட்டார். நான் பத்துக்குப் பத்து என்றேன். அக்கா வாழ்நாளில் என்னிடம் வாங்கிய முதல் முழுப்புள்ளி.

டிசம்பரில் அம்மாவுக்குச் சரியாகிவிடும் என்று லயம் முழுக்கச் சொன்னது நான்தான். தண்ணீர்ப் பீலியடியில் சொன்னேன், பாடசாலையில் சொன்னேன், அப்பாவிடமும் சொன்னேன். அப்பா அக்காவைப் பார்த்தார். அக்கா அடுப்பைப் பார்த்தாள். அவர் அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அம்மா மலைக்குப் போவதை நிறுத்தினார். பிறகு பீலிக்குப் போவதை நிறுத்தினார். ஆனால் மாலையில் எங்கள் பாடம் நடக்கும்போது மட்டும் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொள்வார். மாப் பிசைகிற வேலை அக்காவுக்குப் போனதால், அவள் ஒரு கையில் மாவோடு மறு கையால் பக்கம் புரட்டுவாள். புத்தகம் முழுக்க மாவாகிவிட்டது. புள்ளிகள் மட்டும் ஏறிக்கொண்டே போயின. நான் தாராளம் காட்ட வேண்டிய தேவையே இருக்கவில்லை.

ஒரு சனிக்கிழமை அக்கா டியூசனுக்குப் போயிருந்தாள். அப்பா ஸ்டோரில். நான் அம்மாவின் பாயருகில் உட்கார்ந்து சிவப்புப் பேனாவால் கையில் மணிக்கூடு வரைந்துகொண்டிருந்தேன். அம்மா என்னைக் கூப்பிட்டார்.

"பாப்பா, அன்னிக்கு பஸ்சுல அக்கா ஒண்ணு சொன்னாளே, டாக்டர் சொன்னதுன்னு. அது சரியான விடதானா?"

நான் பேனாவை மூடினேன்.

"நீதான திருத்துற ஆளு. ஒனக்குத் தெரியாதா?"

பதவி அப்படிப்பட்டது. தெரியாது என்று சொல்ல முடியாது. நான் சேரின் விதிப்படி யோசித்துப் பார்த்தேன். மாணவி சொன்னதில் டிசம்பர் இருந்தது. அக்கா சொன்னதிலும் டிசம்பர் இருந்தது. இரண்டும் ஒத்துப்போயின.

"சரிதாம்மா" என்றேன். "முழுப் புள்ளி."

அம்மா என்னைப் பார்த்தார். அந்த மஞ்சள் கண்களில் கோபமும் இல்லை, அழுகையும் இல்லை. "அப்ப சரி" என்றார். பிறகு என் கையைப் பிடித்து, "நான் இப்புடி கேட்டேன்னு அக்காகிட்ட சொல்லாத. சோதன முடியிற வரைக்கும் சொல்லாத. படிக்கிற புள்ள" என்றார். நான் தலையாட்டினேன். அக்காவின் விடையில் சந்தேகப்பட்டது தெரிந்தால் அவள் கோபித்துக்கொள்வாள் என்று அம்மா பயப்படுகிறார் என்றுதான் நினைத்தேன். அக்கா திருத்துகிறவளிடமே சண்டை பிடிக்கிற ஆள், எனக்குத் தெரியும்.

தீபாவளி கழிந்து, மழை விடாமல் பெய்த ஒரு காலையில் அம்மா போய்விட்டார். அக்கா அழவில்லை. வந்தவர்களுக்குப் பிளேன்டீ ஊற்றினாள், என் தலையை வாரினாள், அப்பாவின் சட்டையைத் தேடி எடுத்துக் கொடுத்தாள். கல்நெஞ்சுக்காரி என்று பக்கத்து வீட்டுக்காரி என் காது கேட்கவே சொன்னாள். நான் மட்டும் எல்லோருக்கும் சேர்த்து அழுதேன். அழுகையோடு எனக்கு ஒரு பெரிய கோபமும் இருந்தது. டிசம்பர் இன்னும் பிறக்கவில்லையே.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு சோதனை வந்தது. சோதனை மண்டபம் கலஹாவில். தனியாகப் போக வேண்டாம் என்று அப்பா என்னையும் கூட அனுப்பினார். நான் பாடசாலை வாசலுக்கு எதிரே இருந்த கடையில், பனிஸ் ஒன்றை வாங்கி அதைக் கிள்ளிக் கிள்ளி நேரத்தைக் கடத்தினேன். மணி அடித்ததும் பிள்ளைகள் கூட்டமாகச் சிரித்துக்கொண்டு வந்தார்கள். அக்கா கடைசியாக வந்தாள்.

"என்ன பந்தி வந்துச்சு?"

"ஒரு ஆறு பத்தி."

"எல்லாம் எழுதுனியா?"

"எழுதுனேன்."

பஸ் நிலையத்தை நோக்கி நடந்தோம். மழை விட்டுப் பனி இறங்கியிருந்தது. மாதக் கணக்கில் மனதில் வைத்திருந்ததைச் சொல்ல எனக்கு அதுதான் நேரமாகப் பட்டது. சோதனையும் முடிந்திருந்தது.

"அந்த டாக்டர் பொய் சொல்லிட்டாரு, இல்லக்கா? டிசம்பர்ல சொகமாயிரும்னாரு. இப்ப டிசம்பர் வந்துருச்சு."

அவள் "ம்" என்றாள். நடந்துகொண்டே இருந்தாள்.

"பாவம் அம்மா. நம்பிக்கிட்டே இருந்தாங்க. எங்கிட்டகூட கேட்டாங்க, அக்கா சொன்னது சரியான விடதானான்னு. நான் சரின்னு சொன்னேன்."

அக்கா நின்றுவிட்டாள். "எப்ப கேட்டாங்க?"

"நீ டியூசன் போன அன்னிக்கு. சோதன முடியிற வரைக்கும் ஒங்கிட்ட சொல்லக் கூடாதுன்னாங்க. அதான் சொல்லல."

சொன்ன சொல்லைக் காப்பாற்றியதற்கு ஒரு பாராட்டையாவது எதிர்பார்த்தேன். அவள் வீதியோரத்து மதகுக் கட்டின் மேல் அப்படியே உட்கார்ந்தாள். பேனாவையும் கோடு போடும் அடிமட்டத்தையும் மடியில் போட்டுக்கொண்டு, முகத்தை இரண்டு கையாலும் பொத்தி, எங்கள் வீட்டில் யாரும் அன்றுவரை கேட்டிராத ஒரு சத்தத்தில் அழத் தொடங்கினாள். போகிற வருகிற பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள். தெல்தோட்டை பஸ் வந்து, நின்று, போனது. அவள் எழும்பவில்லை.

பேப்பர் அவ்வளவு கஷ்டமாக வந்திருக்கிறது என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. நான் அவளோடு ஒட்டி உட்கார்ந்தேன். மிச்சமிருந்த பனிஸ் துண்டை அவள் மடியில் வைத்தேன்.

"பரவால்லக்கா" என்றேன். "அடுத்த வருசம் திரும்பி எழுதலாம். நானே திருத்துறேன்."