மாதா தங்கிய வாரம்

எங்கள் வீட்டுக்கு மாதா வந்தது ஒரே ஒரு ராத்திரி தங்கத்தான். சிஸ்டர் அப்படித்தான் சொல்லியிருந்தார்.

பழவேற்காட்டில் நான் படித்த கான்வென்ட் பள்ளியில் அக்டோபர் வந்தால் ஒரு வழக்கம். ஜெபமாலை மாதம் என்பதால், கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் முழ உயர மாதா சுரூபத்தைக் கத்தோலிக்கப் பிள்ளைகளின் வீடுகளுக்கு முறைவைத்து அனுப்புவார்கள். மாலையில் பாட்டுப் பாடிக்கொண்டே கொண்டுவந்து வைப்போம். மறுநாள் மாலை அடுத்த வீட்டுக்கு எடுத்துப்போவோம். நான் ஐந்தாம் வகுப்பு படித்தபோது எங்கள் முறை வந்தது. மழையும் அன்றைக்கே வந்தது.

சிஸ்டர் வாசலில் நின்று அம்மாவிடம் சட்டதிட்டங்களைச் சொன்னார். மெழுகுவத்தி அணையக் கூடாது. டிவி போடக் கூடாது. சண்டை, கெட்ட வார்த்தை எதுவும் கூடாது. மாதா இருக்கிற அறையில் மீன் வாடை வரக் கூடாது. அம்மா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். இறால் உரிக்கிற கொட்டகையிலிருந்து நேராக வந்திருந்தவள் அவள். சிஸ்டரின் குடை தெருமுனை திரும்பியதும் தன் கையை மோந்து பார்த்துக்கொண்டாள்.

"இயேசு சாமி கூட இருந்தவங்கல்லாம் இன்னா பூ யாவாரமா பண்ணாங்க?" என்றாள்.

மறுநாள் விடிந்தபோது சாலையைக் காணவில்லை. ஏரி எது, தெரு எது என்று தெரியாத அளவுக்குத் தண்ணீர். பள்ளிக்கு விடுமுறை. ஏரிக்கு நடுவே இருக்கும் பசியாவரம் தீவுக்குப் போகிற படகுகளும் நின்றுவிட்டன. எங்களுக்கு அடுத்த முறைக்காரன் என் வகுப்புப் பையன். அவன் வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கிறது என்று செய்தி வந்தது. ஆக, மாதா எங்கள் வீட்டிலேயே இருந்தார்.

எங்கள் வீடு ஒரு அறையும் ஒரு சமையல் மூலையும்தான். டிவி கட்டிலுக்கு அடியில் போனது. அதன் இடத்தில் மாதா. அவர் பக்கம் கால் நீட்டக் கூடாது என்பதால் நான்கு பேரும் குறுக்கே, முட்டியை மடக்கிக்கொண்டு படுத்தோம். தம்பி குசு விட்டால்கூட சிலுவை போட்டுக்கொண்டான். தினமும் சாயங்காலம் முழங்காலில் நின்று ஐம்பத்து மூன்று மணிகளையும் உருட்டி ஜெபமாலை, அதற்குப் பிறகு மன்றாட்டு மாலை. பாதியிலேயே நைனா தூங்கிவிடுவார். ஆனால் தூக்கத்திலும் "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்பதைச் சரியான இடத்தில் சொல்லிவிடுவார்.

மாதா போகவில்லை என்று கேள்விப்பட்டுத் தண்ணீரில் நடந்தே ஆட்கள் வரத் தொடங்கினார்கள். பக்கத்து வீட்டு அக்காவின் புருஷன் ஏரியின் முகத்துவாரம் மணல் மூடிக் கிடந்ததால் கடலுக்குப் போக முடியாமல் பல நாள் ஆகியிருந்தது. அவர்கள் கும்பிடுவது வேறு சாமி. அதனால் என்ன? அந்த அக்கா கற்பூரம் ஏற்றி, பெட்டிக்கு முன்னால் தேங்காயை உடைத்து, "முகத்துவாரம் தெறந்துக்கணும் தாயே" என்று வேண்டிக்கொண்டார். சிஸ்டருக்கு இது தெரியக் கூடாதே என்று நான் பயந்தேன். வந்தவர்களுக்கெல்லாம் அம்மா டீ போட்டாள். தரையைத் துடைத்தாள். மறுபடியும் டீ போட்டாள்.

"எம்மா, எப்பம்மா கெளம்புவே நீ?" என்று ஒருநாள் அவள் மாதாவிடமே கேட்டதை நான் கேட்டேன். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

நைனா ஷேர் ஆட்டோ ஓட்டினார். மழை நாளில் சவாரி கிடையாது. முழு நாளும் வீட்டில்தான் இருப்பார். அந்த நாட்களில் சத்தம் போடாமல் விளையாட நானும் தம்பியும் பழகியிருந்தோம். அவர் வாயில் நல்ல வார்த்தை சுலபத்தில் வராது. அந்த வாரம் பாவம், திண்டாடிப்போனார். "டேய், தே..." என்று தொடங்குவார், கண்ணாடிப் பெட்டியைப் பார்ப்பார், "...தேவமாதாவே" என்று முடிப்பார். பொறுக்கவே முடியாதபோது மழையில் நனைந்துகொண்டு வெளியே போய், ஓடாமல் நிற்கும் ஆட்டோவைத் திட்டிவிட்டு வருவார்.

ஒரு மத்தியானம் ரசத்தில் உப்பில்லை. நைனா ஒரு வாய் சாப்பிட்டார். தட்டைப் பிடித்துத் தூக்கினார். அம்மா சட்டென்று கதவோரமாய் ஒதுங்கி, தோளைக் குறுக்கிக்கொண்டு நின்றாள். நைனாவின் கண் பெட்டிப் பக்கம் போனது. தட்டைக் கீழே வைத்தார்.

"உப்பு எங்கடி இருக்குது?"

அதுவரை எங்கள் வீட்டில் உப்பு எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. எழுந்துபோய், டப்பா டப்பாவாகத் திறந்து தேடி, தானே போட்டுக்கொண்டார். தம்பியும் நானும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். அம்மா சிரிக்கவில்லை. கதவோரத்திலேயே வெகுநேரம் நின்றாள்.

மழை விட்டு, சாலை தலைகாட்டியதும் சிஸ்டர் பிள்ளைகளோடு வந்துவிட்டார். எங்களுக்குக் கொண்டாட்டம், டிவி வெளியே வரப்போகிறது. அம்மாவுக்குக் கண்ணெல்லாம் உள்ளே போயிருந்தது. முட்டி வலியில் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தாள். பெட்டியைத் தூக்க சிஸ்டர் குனிந்தபோது அதன் ஓரத்தில் கை வைத்தாள்.

"இன்னும் ரெண்டு நாள் இருக்கட்டுமே சிஸ்டர்."

"மத்த பிள்ளைங்க வீட்டுலயும் காத்திருக்காங்களேம்மா" என்றார் சிஸ்டர். அவருக்கு ஏகப்பட்ட சந்தோஷம். மறுநாள் மறைக்கல்வி வகுப்பில் என்னை எழுந்து நிற்கவைத்து, விசுவாசம் என்றால் இவள் அம்மாவுடையதுதான் என்றார். எல்லோரும் கைதட்டினார்கள்.

எனக்கோ கோபம். சாயங்காலம் அம்மாவிடம் கேட்டேன்: "முட்டி வலின்னு நீதானே அழுதே? அப்புறம் ஏம்மா இருக்கச் சொன்னே?"

அம்மா முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். "ஒரு வாரமா நல்லா தூங்குனேன்டி" என்றாள்.

அப்பட்டமான பொய். மெழுகுவத்தி அணையாமல் பார்த்துக்கொள்ள ராத்திரியெல்லாம் எழுந்து எழுந்து உட்கார்ந்தவள் அவள்தான். அதுவும் மாதா விஷயத்தில் பொய் சொல்லலாமா? அம்மா நரகத்துக்குப் போய்விடுவாளே என்று எனக்குக் கவலையாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை பாவசங்கீர்த்தனத்தில் என் பாவங்களோடு அம்மாவின் பொய்யையும் சேர்த்துச் சாமியாரிடம் சொன்னேன். என்ன நடந்தது என்று கேட்டார். உப்பு, தட்டு, தூக்கம் எல்லாவற்றையும் சொன்னேன்.

நடுவில் இருந்த வலைத்தட்டிக்கு அந்தப் பக்கம் அவர் கிட்டே நகர்ந்து உட்காரும் சத்தம் கேட்டது. பிறகு ஒரு 'அருள்நிறைந்த மரியே' சொல்லச் சொன்னார்.

"அம்மாவும் சொல்லணுமா சாமி?"

"வேணாம். அம்மாவுக்காக நீ சொல்லு."

பொய் சொன்னது அவள், முட்டி போடுவது நானா என்று முணுமுணுத்துக்கொண்டே போய் முழங்காலிட்டேன்.