நடிகர் படம் போட்ட வைரஸ் எச்சரிக்கை

பள்ளத்தூர் டீச்சர் இன்னைக்கும் லேப்டாப்பைத் தூக்கிக்கிட்டு என் கம்ப்யூட்டர் கடைக்கு வந்துட்டாக. இந்த மாசம் மூணாவது தடவை.

திரை முழுக்க அவுகளுக்குப் பிடிச்ச நடிகரோட படம். கீழே, 'உங்கள் கம்ப்யூட்டரில் வைரஸ்! உடனே இந்த எண்ணை அழையுங்கள்.'

"கூப்பிட்டீகளா டீச்சர்?"

"கூப்பிட்டேன் தம்பி. எத்தனை பிள்ளைகளைப் படிக்க வைக்கிறாரு, அவரு பொய்யா சொல்லுவாரு?"

"பாஸ்வேர்டு ஏதும் குடுத்துட்டீகளா?"

"இல்ல. எடுத்தவன் அதட்டிப் பேசுனான். அவரு லைட்மேனைக்கூட வாங்க போங்கன்னுதான் கூப்பிடுவாராம். அவரு ஆளுக இப்படிப் பேச மாட்டாகன்னு போனை வச்சுட்டேன்."

இதெல்லாம் மோசடின்னு போன ரெண்டு தடவையும் நான் தொண்டை வறளச் சொன்னது காப்பாத்தல. அவரோட பணிவு காப்பாத்திருச்சு.

நாளைக்கு ஒரு திருடன், 'வணக்கம்மா, சாப்பிட்டீகளா'ன்னு ஆரம்பிச்சா என்ன பண்றது? தெரிஞ்சவுக சொல்லுங்க.