ஒன்று, இரண்டு, மூன்று, ஐந்து

ஆ-தோங் பட்டறையில் எந்த இன்ஜினுக்கும் நாலாம் சிலிண்டர் கிடையாது. ஒன்று, இரண்டு, மூன்று, ஐந்து. சாக்கட்டியால் அப்படித்தான் எழுதுவான். எங்கள் சீனப் பேச்சில் நாலும் சாவும் கிட்டத்தட்ட ஒரே சத்தம். எங்கள் துறைமுக ஊரான கீலூங்கில் டாக்சி ஓட்டுகிறவனிடம் போய் நாலாவதில் கோளாறு என்று சொன்னால் அன்றைக்கு அவன் சவாரிக்கே போகமாட்டான். புது வண்டிக்கு அரசாங்கமே நாலு இல்லாமல்தான் நம்பர் கொடுக்கிறது, ஆ-தோங்கை மட்டும் குறை சொல்லி என்ன?

அவன் பட்டறைக்கும் என் டயர் கடைக்கும் நடுவில் ஒரு தகரத் தடுப்புதான். சின்ன வயதில் மீன்பிடிப் படகில் ஏறினவன். வாந்தி எடுத்து எடுத்துக் படகுக்காரனே இறக்கிவிட்டான். கரையில் படகு இன்ஜின் கழற்றுகிறவனோடு ஒட்டிக்கொண்டு வேலை படித்தான். நீள ஸ்க்ரூடிரைவரை இன்ஜின் மேல் ஊன்றி, கைப்பிடியைக் காதில் வைத்துக் கேட்பான். பாதி நோய் அதிலேயே பிடிபட்டுவிடும். நல்ல கைக்காரன்தான். ஒன்றே ஒன்று மட்டும் அவன் வாயில் வராது: என் தப்பு. ஒருமுறை ரேடியேட்டர் மூடியை மாட்ட மறந்து வண்டி பாதி வழியில் கொதித்து நின்றது. "மலை ரொம்பச் செங்குத்துப்பா" என்றான்.

சின்-ஹை அவனுடைய பழைய வாடிக்கை. மஞ்சள் டாக்சி ஓட்டுகிறவன். நாற்பது தாண்டி அவனுக்கு ஒரு கல்யாணம் கூடியிருந்தது. பெண்ணுக்கு ருய்ஃபாங் மலையில் வீடு, பெயர் யா-சூன், அரசாங்க ஆஸ்பத்திரியில் சமையல் வேலை. தன் டாக்சியிலேயே பெண்ணை அழைத்துவர வேண்டும், பின்னால் ஸ்டாண்டு டாக்சிகள் ஐந்து வர வேண்டும் என்பது அவன் ஆசை. அதற்காக ஸ்பார்க் பிளக் நாலையும் புதிதாக மாற்ற வந்தான்.

"வண்டிக்குப் புதுப் பிளக் போட்டாச்சு, மாப்பிள்ளைக்கு என்னடா போடறது?" என்று ஆ-தோங் சத்தம் போட்டுக் கேட்டான்.

"நீங்க வாயை மூடிட்டுப் போடுங்கண்ணே."

ஆ-தோங் சிரித்த சிரிப்பில் கையில் இருந்த பிளக் நழுவிச் சிமெண்டுத் தரையில் டங்கென்று விழுந்தது. உருண்டு என் காலடிக்கு வந்தது. எடுத்துக் கொடுத்தேன்.

"விழுந்ததை மாட்டாதேடா. வேற எடு."

"நீ டயரைப் பாரு." முனையின் இடைவெளியை அளந்து பார்த்தான். "இடைவெளி சரியா இருக்கு. பிளக் என்ன முட்டையா?" சட்டையில் துடைத்தான். கடைசிக் குழியில், அதாவது அவனுடைய ஐந்தில், இறக்கி முடுக்கினான்.

அந்த வாரமே சின்-ஹை, பெண்ணின் தாயார் சான் அம்மாவையும் கல்யாணக் கேக் பெட்டிகளையும் ஏற்றிக்கொண்டு மலை ஏறினான். மேட்டில் மிதித்ததும் வண்டி உதறியது. இன்ஜின் விளக்கு கண் சிமிட்டியது. வழியில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் நிறுத்தினார்கள். அங்கே இருந்தவன் கோளாறு காட்டுகிற மெஷினை மாட்டிப் பார்த்துவிட்டு, தலையைக்கூடத் தூக்காமல், "நாலு செத்துப்போச்சு" என்றானாம்.

எங்கள் பாஷையில் அதைச் சொல்லிப் பார்க்க வேண்டும். சாவு, சாவு, சாவு என்றே காதில் விழும். மடியில் கல்யாணக் கேக்கோடு உட்கார்ந்திருந்த அம்மாவுக்கு எப்படி இருந்திருக்கும்? கேக் பெட்டிகளை வண்டியிலேயே விட்டுவிட்டு பஸ் பிடித்துப் போய்விட்டார்.

மறுநாள் மழையில் சின்-ஹை பட்டறைக்கு வந்தான்.

"கல்யாணம் வேண்டாம்ங்கறாங்க அண்ணே. பொண்ணு ஏறுற வண்டியே சாவு சொல்லிடுச்சாம்."

ஆ-தோங் என் பக்கம் பார்க்கவில்லை. "பெட்ரோல் மட்டமா இருக்கும்டா. எங்க போட்டே?"

"எப்பவும் போடற பங்க்தான். போன வாரம் இன்ஜினைத் தண்ணி அடிச்சுக் கழுவினேன். அதனால இருக்குமோ?"

"இருக்கும், இருக்கும்."

"அப்போ நான்தான் கெடுத்துட்டேன்" என்றான் சின்-ஹை. அதைக் கேட்டதும் ஆ-தோங் வாயில் போட்ட பாக்கை மெல்லாமல் அப்படியே கன்னத்தில் வைத்துக்கொண்டான். பிறகு அவனை டீ வாங்கிவர அனுப்பினான்.

"ஏறு. பிரேக்கை மிதிச்சுக்கிட்டு ஆக்சிலேட்டர் குடு" என்றான் என்னிடம்.

கொடுத்தேன். வண்டி குளிர் ஜுரம் வந்தவன் மாதிரி உதறியது. அவனுடைய சின்ன மெஷின் நாலு என்றது. பொறிக்கு மின்சாரம் கொடுக்கிற காயிலைக் கடைசியிலிருந்து கழற்றி இரண்டாவதில் மாட்டினான், இரண்டாவதன் காயிலைக் கடைசியில். மறுபடி மிதித்தேன். இன்னமும் நாலு. ஆக, காயில் குற்றமில்லை. அடுத்து அதேபோல் பிளக் இரண்டையும் இடம் மாற்றினான். இந்தத் தடவை அவன் கை மெதுவாகத்தான் வேலை செய்தது. மிதித்தேன். உதறல் அப்படியே இருந்தது, மெஷின் இரண்டு என்றது. நோய் பிளக்கோடு இடம் மாறிவிட்டது.

வெளியே எடுத்து வெளிச்சத்தில் பிடித்தான். வெள்ளைப் பீங்கானில் தலைமுடி ஒட்டினமாதிரி ஒரு கறுப்புக் கோடு. நகத்தால் சுரண்டினான், போகவில்லை. கீறல். சமதளத்தில் அது தெரியாது. மேட்டில் மிதிக்கும்போது பொறி அந்தக் கீறல் வழியே ஓடிவிடும்.

"நான் எடுத்துக் குடுத்தேனே, அதுதானே?" என்றேன்.

"வாயை மூடு."

சின்-ஹை டீயோடு திரும்புவதற்குள் புதுப் பிளக் உள்ளே போய்விட்டது. பழையது ஆ-தோங்கின் சட்டைப் பையில். வண்டி பூனை மாதிரி உறுமியது.

"கண்கண்ட தெய்வம் அண்ணே நீங்க" என்று சின்-ஹை அவன் கையைப் பிடித்துக்கொண்டான். அதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. "ஆனா அவங்க நம்பமாட்டாங்க. வண்டி சரியாப் போச்சுன்னா தலையெழுத்து சரியாப் போச்சா, அப்படின்னுதான் கேப்பாங்க. என் ராசி அப்படி. இந்த வயசுல ஆசைப்பட்டிருக்கக் கூடாது."

அவன் போனபிறகு ஆ-தோங் கையைக் கழுவினான். கழுவிக்கொண்டே இருந்தான். அன்று மதியம் அவன் பெண்டாட்டி அனுப்பிய மீன் உருண்டை சூப்பு ஆறி, மேலே கொழுப்பு படிந்து கிடந்தது. பேசிக்கொண்டிருக்கும்போதே அவன் கை சட்டைப் பையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தது. மறுநாள் வேறு சட்டை போட்டிருந்தான், பிளக் அந்தப் பைக்கும் வந்திருந்தது.

"சொல்லித் தொலையேன்டா" என்றேன்.

"சொன்னா ஸ்டாண்டுல ஒருத்தன் என்கிட்ட வண்டி விடுவானா?"

"விடமாட்டான்."

"ஆறுதலா ஒரு வார்த்தை சொல்லேன், நாயே."

"ஆறுதல் வேணும்னா கோயிலுக்குப் போ. நான் டயர் விக்கறவன்."

"அவன் இன்ஜினைக் கழுவினதாலதான் கெட்டுச்சுன்னு நம்பிட்டுப் போறான்டா. நானும் ஆமான்னுட்டேன்" என்றான். பிறகு கடைக் கதவை இழுத்துவிட்டான். "ருய்ஃபாங் போகணும், நீ ஓட்டு. எனக்குக் கை சரியில்லை."

மலைமேல் சான் அம்மா வாசலில் உட்கார்ந்து மூங்கில் குருத்து உரித்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்தும் கத்தியைக் கீழே வைக்கவில்லை.

"வண்டி சரியாயிடுச்சுன்னு சொல்ல வந்தீங்கன்னா, வந்த வழியே போங்க."

ஆ-தோங் பிளக்கை எடுத்து நீட்டினான். "இதுதாம்மா உங்க சாவு."

"என்ன சொன்னே?"

"இல்லைம்மா, தப்பா வந்துடுச்சு. இந்தப் பீங்கான்ல கீறல் இருக்கு பாருங்க. அதனாலதான் வண்டி உதறுச்சு. ராசியும் இல்லை, ஒண்ணும் இல்லை."

அவர் வாங்கி, எச்சில் தொட்டுத் தேய்த்துப் பார்த்தார். "எப்படிக் கீறிச்சு?"

"கீழ விழுந்துச்சு."

"தானாவா விழுந்துச்சு?"

அந்த இடத்தில் அவன் பழைய ஆளாக இருந்தால் தரை வழுக்கியது என்று சொல்லியிருப்பான்.

"நான் போட்டேம்மா. விழுந்ததுன்னு தெரிஞ்சே மாட்டினேன். இதோ இவன் வேண்டாம்னான். அப்புறம் மாப்பிள்ளைகிட்ட உன் மேலதான் தப்புன்னேன். நாலாவதுல மாட்டினேன். நாலு. நாலுதான்." வாய்விட்டு நாலு என்று அவன் சொல்லி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

"என் பொண்ணு ரூமை விட்டு வெளிய வரலை. தெரியுமா உனக்கு?" கத்தி அவன் மூக்குக்கு நேராக நின்றது. "உன் கைக்கொழுப்புக்கு என் பொண்ணு ராசி கெட்டவளா? அவ கல்யாணத்தை விட முடியாதுன்னு அழறா, நான் சாவுன்னு கத்தறேன், நீ பாக்கு மென்னுட்டு உக்காந்திருக்கே!"

அவன் தலை குனிந்து வாங்கிக்கொண்டான். திட்டித் தீர்ந்ததும் அவர் பிளக்கைத் தன் பையில் போட்டுக்கொண்டார்.

"கல்யாணத்தன்னிக்கு வண்டியை நீயே ஓட்டணும். உதறுச்சுன்னா தலையெழுத்துன்னு சொல்லமாட்டேன். உன் பேரைச் சொல்லித் தெருவுல நின்னு கத்துவேன்."

திரும்பும் வழியில் ஸ்டாண்டில் நிறுத்தச் சொன்னான். இறங்கிப் போய் சின்-ஹையிடம் ஏதோ சொன்னான். சின்-ஹை அவனை அடிக்கவில்லை. அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று வண்டியில் ஏறியதும் ஆ-தோங் சொன்னான். அந்த மாதம் இரண்டு டாக்சிகள் அவன் பட்டறையைத் தாண்டி வேறு இடத்துக்குப் போயின.

கல்யாண நாளிலும் மழை. ஆறு மஞ்சள் டாக்சிகள் சான் அம்மா வாசலில் நின்றன. முதல் வண்டியில் ஆ-தோங், யாரிடமோ வாங்கின கோட்டு, மழையிலும் கண்ணாடியை இறக்கிவிட்டுக் காதை வெளியே நீட்டிக்கொண்டு. பின்சீட்டில் பெண்ணும் மாப்பிள்ளையும். இரண்டாவது வண்டியை நான் ஓட்டினேன். வண்டி நகர்ந்தது, யா-சூன் பழைய கோபத்தை விட்டுப் போகிற வழக்கப்படி விசிறியை ஜன்னல் வழியே போட்டாள், யாரோ பட்டாசுச் சரத்தைக் கொளுத்தினார்கள். முதல் வெடி டப்பென்று வெடித்ததுதான் தாமதம், ஆ-தோங் பிரேக்கை அழுத்தி மிதித்துவிட்டான். நான் மிதித்தேன். எனக்குப் பின்னால் நாலு பேரும் மிதித்தார்கள்.

"என் தப்பு! என் தப்பு!" என்று ஜன்னலுக்கு வெளியே கத்தினான் ஆ-தோங்.

"டேய், அது பட்டாசுடா!" பெண் போகிற வண்டிக்குப் பின்னால் ஊற்றுகிற வழக்கத்துக்காகத் தண்ணீர்க் கிண்ணத்தோடு நின்ற சான் அம்மா கத்தினார். "நிறுத்தாதே, ஓட்டுடா!"