பாதி விலைப் பத்திரம்

கீழக்குயில்குடி மலையடியில் எனக்கும் என் பெரியப்பா மகனான அண்ணனுக்கும் அடுத்தடுத்துப் புஞ்சை இருந்தது. ஒரே ஆளிடம், ஒரே நாளில், ஒரே விலைக்கு வாங்கியவை. எங்கள் பக்கம் கொடுத்த விலையில் பாதியைத்தான் பத்திரத்தில் காட்டுவார்கள்; முத்திரைத்தாள் செலவு மிச்சம். நானும் அப்படித்தான் செய்தேன். அண்ணன் முழு விலையையும் எழுதவைத்தார். பிழைக்கத் தெரியாத மனுஷன் என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தேன்.

சில வருஷம் கழித்து, மலையிலுள்ள சமணர் படுக்கைகளைக் கல்லுடைப்பவர்களிடமிருந்து காப்பாற்றுவதற்காக, அடிவாரத்து நிலங்களைச் சர்க்கார் எடுத்துக்கொண்டது. எனக்கு அதில் வருத்தமே இல்லை. கண்மாய்க்குக் கீழே ஒரு நஞ்சை விலைக்கு வந்திருந்தது. வரும் நஷ்டஈட்டுப் பணத்தில் அதை வாங்கிவிடலாம் என்று தினமும் அதன் வரப்பில் போய் நின்றுவிட்டு வந்தேன்.

தொகை வந்தது. அண்ணனுக்குக் கிடைத்ததில் சரிபாதிதான் எனக்கு. அவர் வீட்டில் பணியாரம் சுடும் வாசனைகூட எனக்கு ஆகவில்லை.

போதாக்குறைக்கு அவரே வந்தார். "ஆபீசரு தப்பாப் போட்டுட்டாருடா தம்பி. ரெண்டும் ஒரே மண்ணுதான்னு நான் சொல்றேன், வா."

ஆபீசில் தாசில்தார் என் பத்திரத்தை எடுத்துக் காட்டினார். "இந்த விலைக்கு வாங்கியதாக நீர்தானே பதிவு செய்தீர்? சர்க்கார் எப்படி அதற்குமேல் தரும்?"

பக்கத்து நிலத்தின் விலை அவருக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் கேட்டால், பொய் எழுதியதை நானே ஒப்புக்கொள்ள வேண்டும். கும்பிட்டுவிட்டு வெளியே வந்தேன். அண்ணன் திட்டியிருந்தாலாவது மனசு ஆறியிருக்கும். வரும் வழியில் சர்பத் வாங்கிக் கொடுத்தார்.

அந்தக் கண்மாய் நஞ்சையை அவர்தான் வாங்கினார். சாட்சிக்கு என்னைக் கூப்பிட்டார். பத்திரம் எழுதுகிறவர், "விலை எம்புட்டு போட?" என்று கேட்டார்.

அண்ணன் பேசுவதற்குள் நான் முந்திக்கொண்டேன். "பாதி போடுங்க. அதுதானே வழக்கம்?" இந்த நிலத்தையும் ஒருநாள் சர்க்கார் எடுத்து, அவருக்கும் பாதியே கிடைக்காதா என்ற நப்பாசைதான்.

அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தார். கோபமே இல்லை. "முழுசாவே எழுதுங்கய்யா" என்றார்.

நான் ஆசைப்பட்ட நிலத்தின் பத்திரத்தில் என் கையெழுத்தும் இருக்கிறது, முழு விலைக்குச் சாட்சியாக.