நின்றால் வரும் சத்தம்

மாலதிக்கு மூக்கின்மேல் கோபம் வரும் என்பது மும்பை தாராவியில் அவள் சந்து முழுக்கத் தெரியும். ஆனால் அந்த ஒரு மாதக் கோபத்துக்கு அவளைக் குற்றம் சொல்ல முடியாது. மாட்டுங்காவில் வீடு வீடாகச் சமைத்துப் போட்டு, இடையிலே ஓட்டப் பழகி, பேட்ஜ் எடுத்து, கழுத்திலும் காதிலும் கிடந்ததைப் போட்டு வாங்கிய டாக்ஸி. செம்பூர், திலக் நகர் மாமிகள் ஆஸ்பத்திரிக்கும் கோயிலுக்கும் போக அவளைத்தான் கூப்பிடுவார்கள். அந்த வண்டி திடீரென்று சத்தம் போட ஆரம்பித்தது.

ஓடும்போது ஒன்றுமில்லை. சிக்னலில் நின்றால் போதும், பானெட்டுக்குள்ளே யாரோ கதவைத் தட்டுகிற மாதிரி டக டக என்று வரும். ஏசி போட்டால் இன்னும் பலமாக வரும். பின்சீட்டு மாமிகள் பிள்ளையாரைக் கூப்பிட ஆரம்பித்துவிடுவார்கள்.

கரீம் பாட்சாவின் காரேஜுக்குக் கொண்டுபோனாள். புருஷன் மாரீஸ்வரனும் கூட வந்தான், அதுதான் வினை. அவள் கேட்ட கேள்விக்கெல்லாம் கரீம் பாட்சா அவன் முகத்தைப் பார்த்தே பதில் சொன்னார்.

"எஞ்சினுக்குள்ள டேப்பட் போயிருக்கு மாரி. எஞ்சினை இறக்கணும்."

"ஓட்டுதது நாந்தான் பாய், எங்கிட்ட சொல்லுங்க. டேப்பட்டுன்னா ஓடும்போது ஏன் வரமாட்டேங்கு?"

"லேடீஸுக்கு இதெல்லாம் சமஜ்மே நை ஆயேகா, புரியாது மாரி," என்றார், மறுபடியும் அவனிடமே.

மாரீஸ்வரன் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வாயில் கொழுக்கட்டை வைத்தவன் மாதிரி நின்றான். வீட்டுக்கு வந்ததும் மட்டும் வாய் திறந்தது.

"எஞ்சினை இறக்கி யாரு அவஸ்தப்படுதது? கல்யாண் ஊர்ல வண்டி வாங்க ஒரு பார்ட்டி இருக்கான், ஞாயித்துக்கிழம வாரேன்னுருக்கான். தள்ளிவிட்டுருவோம். நீ பழையபடி சமையலுக்குப் போ."

எரிகிற கொள்ளியில் எண்ணெய் வார்த்த கதைதான். ஞாயிற்றுக்கிழமைக்குள் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று தெரியாவிட்டால், மறுபடி அடுத்தவர் வீட்டு அடுப்படி, அடுத்தவர் வீட்டுப் புளிக்கரைசல்.

சனிக்கிழமை காலை பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு தானே இறங்கினாள். எஞ்சினுக்குள்ளே இருக்கிற சத்தம் என்றால் ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க அதுவும் வேகமாகத் தட்ட வேண்டும். இதுவோ மிதித்தால் ஓய்ந்துவிடுகிறது. ஆக, வெளியே ஏதோ தொங்குகிறது, வண்டி நின்று நடுங்கும்போது இடிக்கிறது. கரீம் பாட்சாவுக்கு இது தெரியாததல்ல, பொம்பளை சொல்கிறதைக் காதில் வாங்க மனசில்லை, அவ்வளவுதான். நீட்டு ஸ்க்ரூ டிரைவரின் முனையை எஞ்சின்மேல் ஊன்றி, கைப்பிடியைக் காதோடு ஒட்டிக் கேட்டாள். சீராக இருந்தது. எஞ்சினுக்குப் பின்னால் இருந்த தகரத்தில் ஊன்றினாள். காதே அதிர்ந்தது. எஞ்சினை அணைத்துச் சூடு ஆறவிட்டு, கையை உள்ளே விட்டுத் துழாவினாள். கையோடு வந்தது எண்ணெய் ஊறிய ஒரு மஞ்சள் துணி முடிச்சு. உள்ளே காசு.

காணிக்கை முடிச்சு. எதைக் குறித்து வேண்டிக்கொள்கிறார்களோ அதிலேயே கட்டிவிடுவது அவள் புகுந்த வீட்டு வழக்கம். நினைத்தது நடக்கும்வரை அவிழ்க்கக் கூடாது, வேண்டுதலை வெளியே சொல்லவும் கூடாது.

நேரே மாமியார் சொர்ணம்மாளிடம் போய் நின்றாள். "அத்தை, இது நீங்க முடிஞ்சதா?"

"நான் முடிஞ்சா ஊரறிய முடிவேன்ட்டி. போன மாசம் இவன்தான் மஞ்சத்துணி கேட்டான்."

மாரீஸ்வரன் டீ கிளாஸைக் கீழே வைத்தான். "நீ பத்திரமா வந்து சேரணும்னுதான்..."

"அதுக்கு ஏன் ஒளிச்சுக் கட்டுனிய? ஸ்டியரிங்குல கட்டவேண்டியதுதான?"

தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "வண்டி கைமாறணும்னு வேண்டுனேன். பொண்டாட்டி டாக்ஸி ஓட்டுதான்னு டிராம்பேல எங்கூட வேல பாக்கவனுவ கிண்டலடிக்கானுவ. அது இடிக்கும்னு சத்தியமாத் தெரியாது மாலதி. கட்டுன மறுநாளே சத்தம் வந்துச்சு. சாமி கேட்டுட்டுன்னு நெனச்சேன்."

வேலியே பயிரை மேய்ந்ததோடு நிற்காமல், மேய்ந்ததற்குச் சாமியைச் சாட்சி சொல்கிறது! இத்தனை வருஷம் மரியாதை குறையாமல் பேசியவள் அன்றைக்கு அதை விட்டாள்.

"எம் மூஞ்சியப் பாத்துக் கேக்க உனக்கு வாய் வரல. சாமிகிட்ட போய்க் கேட்டியோ?"

சொல்லிக்கொண்டே முடிச்சைப் பல்லால் கடித்து இழுத்தாள்.

"அவுக்காதட்டி, சாமி குத்தம்!" என்று பதறினாள் சொர்ணம்மாள்.

"வண்டி என்னுது அத்தை. குத்தமும் என்னுதாவே இருக்கட்டும்." காசை அள்ளி அவன் சட்டைப்பைக்குள் போட்டாள். "கல்யாண்காரனுக்குப் போன் போடு. வராதன்னு சொல்லு. இப்பமே."

அவன் போட்டான். அந்தப் பக்கம் ஏன் என்று கேட்டிருக்க வேண்டும். மாரீஸ்வரன் அவளைப் பார்க்காமல் திரும்பிக்கொண்டு, "எஞ்சின் கராப் ஹை பாய், மத் ஆவோ," என்றான். அந்த நேரத்திலும் அவனுக்கு வண்டியைத்தான் கெட்டது என்று சொல்ல வந்தது.

மாலதி போனைப் பிடுங்கினாள்.

"எஞ்சின் ஏக்தம் அச்சா ஹை," என்றாள், சந்து முழுக்கக் கேட்கும்படி. புருஷன் பக்கம் விரலை நீட்டினாள். "ஆத்மி கராப் ஹை."