விலை சொன்னவள் வாங்கமாட்டாள்

என் மனைவி வான்டாவுக்கு ஒரு அண்ணன், ஒரு தங்கை. அண்ணன் காசிமிர், எனக்கு மச்சான். தங்கை பெர்னடீன். எல்லோருக்கும் அவள் பெர்னி. என்னை அத்தான் என்று கூப்பிடுவாள், வேலை வாங்கும்போது இன்னும் கொஞ்சம் இழுத்துக் கூப்பிடுவாள். மிச்சிகனில் சாகினா ஆற்றுக்குத் தெற்கே, செப்டம்பர் கடைசிச் சனிக்கிழமை கூடும் பழைய கார்ப் பாகச் சந்தையில் முப்பது வருஷம் மேசை போட்டவள் அவள். மேசையில் விற்க ஒன்றும் இருக்காது. ஒரு டார்ச், ஒரு சிறு கண்ணாடி, துணி, தின்னர் பாட்டில். பக்கத்தில் ஒரு பலகை: ‘விலை சொல்வேன். வாங்கமாட்டேன்.’

அந்தப் பலகைக்குத்தான் கூட்டம். சந்தையில் மற்றவர்கள் செய்வது வேறு. எவனாவது செத்துப்போன அப்பாவின் கொட்டகையிலிருந்து கார்புரேட்டர் ஒன்றை எடுத்துவந்தால், “அட, இது குப்பைய்யா, பாவம் பாத்துப் பத்து டாலர் தர்றேன்” என்பார்கள். நாலு மேசை தள்ளி அதே குப்பை எண்ணூறுக்குப் போகும். பெர்னி ஒருமுறை, ஏரியில் மீன் பிடிக்கிறவன் படகு நங்கூரமாக வைத்திருந்த சிலிண்டர் ஹெட்டைப் பார்த்து, “இத இனிமே தண்ணில போட்டா உன்னையும் சேத்துப் போட்டுருவேன்” என்று திட்டி அனுப்பினாள். அதை விற்று அவன் புதுப் படகே வாங்கினான்.

அவள் பார்க்கிற விதம் எனக்குப் பிடிக்கும். இரும்பு உருக்கி ஊற்றும் ஆலையில் முப்பத்தோரு வருஷம் நின்றவன் நான். நாங்கள் ஊற்றிய இரும்பை அவள் படிப்பாள். இன்ஜினின் இரும்புக் கூடான பிளாக்கின் பின்பக்கம் வார்ப்பிலேயே தேதி புடைத்திருக்கும்: மாதத்துக்கு ஓர் எழுத்து, நாள், வருஷத்தின் கடைசி எண். “வண்டி பொறந்து மூணு மாசம் கழிச்சு இன்ஜின் பொறந்திருக்கு, நல்லா இருக்குய்யா உங்க குடும்பக் கதை” என்று ஒரு புளுகனைத் திருப்பி அனுப்பியதைக் கேட்டிருக்கிறேன். அப்புறம் முன்பக்கத்துத் தட்டையான திட்டு. அங்கேதான் எந்த வண்டிக்குச் சொந்தம் என்று எண் அடித்திருக்கும். ஆலை இயந்திரம் சீவிய நேர்கோடுகள் அதில் மயிரிழையாக ஓடும். கள்ள எண் அடிக்கிறவன் பழையதைத் தேய்ப்பான், கோடும் போய்விடும். அதனால் பெர்னி அந்த இடத்தில் கம்பி பிரஷ் படவே விடமாட்டாள். துணியும் தின்னரும் மட்டும்தான்.

காசிமிர் கதை சந்தைக்கே தெரியும். அறுபத்தொன்பதில் புத்தம்புது செவெல் கார் வாங்கினான், பெரிய எட்டு சிலிண்டர் இன்ஜின். மறு வருஷம் பட்டாளம் கூட்டிக்கொண்டு போனது. திரும்பி வந்து பானட்டைத் திறந்தால் உள்ளே ஒரு ஆறு சிலிண்டர். பெரியதை அவன் அப்பா, அதாவது என் மாமனார், கழற்றி மண்தடப் பந்தய வண்டியில் மாட்டி ஓட்டியிருக்கிறார். எங்கே என்று கேட்டதற்கு “போயிடுச்சு” என்றார், அவ்வளவுதான். மச்சான் அப்பாவோடு பேச்சை நிறுத்தினான். பேசாமலே புதைத்தான். காரை விற்கவுமில்லை. ஞாயிறு பூசைக்கு அதில் வருவான். பெட்ரோல் பங்கில் பையன்கள், “தாத்தா, தையல் மிஷின் நல்லா ஓடுது போல” என்பார்கள்.

அந்த இன்ஜினின் எண் பெர்னிக்கு மனப்பாடம். காரின் முன்கண்ணாடிக்குள் தகட்டில் இருப்பதுதான். ஒவ்வொரு சந்தையிலும் அவள் கண் தேடியது அந்த எண்ணைத்தான்.

அன்று மார்லிஸ் என்ற பெண் பிக்கப்பில் ஒரு பிளாக் கொண்டுவந்தாள். தன் மாமனார் இறந்து அவர் கொட்டகையைக் காலி செய்கிறாளாம். மேலே தடிமனாக ஆரஞ்சு பெயின்ட். பெர்னி தேதியைப் பார்த்தாள், தலையாட்டினாள். திட்டைத் துணியால் துடைத்தாள். பிக்கப்பின் பின்கதவைப் பிடித்துக்கொண்டாள்.

“அத்தான், இங்க வாங்க. படிங்க.”

படித்தேன். மச்சான் கார்த் தகட்டில் இருக்கும் அதே எண். மார்லிஸ் காப்பி வாங்க நகர்ந்திருந்தாள்.

“நீ இன்னும் விலை சொல்லலயே பெர்னி,” என்றேன். “வாயத் தொறக்காத. பலகையை நான் கவுத்து வைக்கிறேன். இரும்பு விலைக்கே குடுத்துருவா.”

“அவ பலகையைப் பாத்துட்டுத்தானே அத்தான் வந்தா?”

“உங்கண்ணனுக்கு வயசு என்ன தெரியுமா?”

“தெரியும். உங்கள விட ரெண்டு கம்மி. சும்மா இருங்க.”

மார்லிஸ் வந்ததும் சொல்லிவிட்டாள். “இங்க யார் கேட்டாலும் இது ஆயிரம் டாலர் பெறும்மா. ஆனா உலகத்துல ஒரே ஒரு காருக்குச் சொந்தமான எண் இது. அந்தக் கார்க்காரன் மூணு மடங்கு குடுப்பான். அந்தக் கார் எங்கண்ணன்கிட்ட இருக்கு. அதனால நான் சொல்ற விலையை நீ நம்பக் கூடாது. ரெண்டு மேசை தள்ளி டட்டில்னு ஒருத்தர் இருக்கார், அவரக் கேளு.”

ஆரின் டட்டில்! அவரும் பெர்னியும் ஒருவரை ஒருவர் பொய்யர் என்று சொல்லியே முப்பது வருஷம் ஓட்டியவர்கள். கீல்பாசா இறைச்சி சாண்ட்விச்சை மென்றுகொண்டே வந்தார்.

“என்ன பெர்னி, கண்ணு போயிடுச்சா?”

“யோவ், பாத்துட்டுப் பேசும்.”

பூதக்கண்ணாடி வைத்துத் திட்டைப் பார்த்தார். “கோடு இருக்கு. எண் அசல். உங்கண்ணனோடதுதான்.” பிறகு குனிந்து பக்கவாட்டில் சாவியால் பெயின்ட்டைச் சுரண்டினார். உள்ளே பசை. பசை உதிர்ந்ததும் ஒரு சாண் நீளத்துக்கு வெடிப்பு. “இதப் பாக்கலையா நீ?”

பெர்னி முகம் சிவந்தது. “எண்ணைத் தவிர ஒண்ணும் பாக்கல.”

“தண்ணி உறைஞ்சு வெடிச்சது. மத்தவனுக்கு இது பழைய இரும்பு, அறுபது டாலர். வெடிப்ப ஆணி வச்சுத் தைச்சு எடுக்கத் துணிஞ்ச கிறுக்கனுக்கு ஐந்நூறு. அதுக்கு மேல கேட்டா நானே திட்டுவேன்,” என்றார் மார்லிஸிடம். “ஆயிரம்னு சொன்னது தப்பு. அவளே ஏமாந்திருப்பா.”

மார்லிஸ் ஐந்நூறுக்குச் சம்மதித்தாள்.

பெர்னி வாங்கமாட்டாள், அதனால் மச்சானுக்குப் போன் போட்டேன். தையல் மிஷினிலேயே வந்தான். எண்ணை விரலால் தடவினான். வெடிப்பைப் பார்த்ததும் அங்கேயே டயர் ஒன்றின் மேல் உட்கார்ந்துவிட்டான். மண்தடத்தில் இன்ஜின் தண்ணீர் உறையாமல் இருக்க ஊற்றும் மருந்தை அனுமதிக்கமாட்டார்கள், கொட்டினால் தடம் வழுக்கும், வெறும் தண்ணீர்தான். கடைசிப் பந்தயம் முடிந்ததும், குளிர் வருமுன் அதை வடித்துவிட வேண்டும். மிச்சிகனில் பிறந்த யாருக்கும் இது தெரியும்.

“கெழவன் தண்ணிய வடிக்கல,” என்றான் மச்சான். “வடிக்க மறந்துட்டு, அதச் சொல்ல வாய் வரல. அதான் போயிடுச்சுன்னான்.” பிறகு, “முட்டாக் கெழவன்,” என்றான். முப்பத்தைந்து வருஷத்தில் அப்பாவைப் பற்றி அவன் பேசியதை அன்றுதான் கேட்டேன்.

ஐந்நூறை அவனே எண்ணிக்கொடுத்தான். குளிர்காலம் முழுக்க ஃபிளின்ட் நகரில் ஒருவர் அந்த வெடிப்பை ஆணி ஆணியாக இறக்கித் தைத்துக்கொடுத்தார். மே மாதம் அது மச்சான் காரில் உறுமியபோது வான்டா காதைப் பொத்திக்கொண்டாள். முதல் சவாரியே கல்லறைத் தோட்டத்துக்கு. மாமனார் கல்லறைப் பக்கத்தில் நிறுத்தி, வேண்டுமென்றே ஆக்சிலேட்டரை மிதித்தான்.

செப்டம்பரில் சந்தைக்கே ஓட்டிவந்தான். பானட்டைத் திறந்து, “பெர்னி, இப்ப இது எவ்வளவு பெறும்?” என்றான்.

அவள் தலை நிமிரவில்லை, வேறு யாருடைய பாகத்தையோ துடைத்துக்கொண்டிருந்தாள்.

“எங்கிட்ட கேக்காத அண்ணா. டட்டில்கிட்ட கேளு.”