அறக்குளாவுக்குக் கீழே ஒரு கடிதம்

கனடாவில், டோர்செட் பார்க் அடுக்குமாடி ஒன்றின் பதினோராம் மாடியில், எமில்டாவின் கதவுக்கு வெளியே ஒரு சோடிக்கு மேல் செருப்புக் கிடந்ததை எவரும் கண்டதில்லை. விருந்தாளி வந்தாலும் அவர்களுடையதையும் உள்ளே எடுத்து வைத்துவிடுவாள். வீட்டில் எத்தனை பேர் என்று வெளியில் நிற்பவன் எண்ணக் கூடாது. மன்னாரில் சண்டைக் காலத்தில் பழகியது. மருத்துவமனையில் துப்புரவு வேலை செய்து, தனியாளாக மகளை வளர்த்த இத்தனை வருடத்திலும் விடவில்லை.

அந்த மகள் றெஜினா கனடிய இராணுவத்தின் பகுதிநேரப் படையான றிசேர்வில் சேர்ந்தாள். பகலில் பல்கலைக்கழகம், வியாழன் மாலையில் பயிற்சி. எமில்டா மூன்று நாள் பேசவில்லை. நாலாம் நாள் சீருடையை அயன் பண்ணி வைத்தாள்.

போன மாசியில் மகளின் மேசையில் இராணுவத்தின் கடிதம் ஒன்று கிடந்தது. எமில்டா எழுத்துக்கூட்டி வாசித்தாள். மகளின் பெயர், லாட்வியா, ஆறு மாதம். அவ்வளவே போதும். ஒரு பையில் சுற்றி, ஃபிரீசரில் அறக்குளா மீனுக்குக் கீழே வைத்தாள். கடிதம் கிடைக்காத வீட்டைத் தேடி வர அவர்களுக்கு நாளெடுக்கும்; அதற்குள் பிள்ளையை ஒஷாவா நகரில் இருக்கும் தன் தங்கையிடம் அனுப்பிவிடலாம்.

வியாழன் பின்னேரம் றெஜினா வீடெல்லாம் கிளறினாள். தாய் ஒன்றுமே கேட்காமல் இருப்பதைக் கண்டு நின்றாள்.

“அம்மா, எங்கை வைச்சனீங்கள்?”

“மீனுக்குக் கீழை.”

“ஓ மை கோட்! சார்ஜன்ற்றுக்கு என்னெண்டு சொல்றது? அறக்குளா காவல் எண்டோ?”

“பகிடி விடாதை. உன்னைப் பிடிச்சுக்கொண்டு போகப் போறாங்கள்.”

“பிடிக்கேல்லை அம்மா, கேக்கினம். லாட்வியாவிலை எங்கடை ஆமி நிக்குது; போக விருப்பம் எண்டா சைன் வைக்கட்டாம். நான் வைக்காட்டி வேறை ஆள் போகும்.”

“உண்மையைச் சொல்லு. கேளாமலும் கொண்டு போகலாமோ?”

றெஜினா பொய் சொல்லித் தப்பியிருக்கலாம். போனில் சட்டத்தைத் தேடி எடுத்தாள். “ஓம். எமர்ஜென்சி எண்டா ஒட்டாவாவிலை கபினெற் ஓடர் போடலாம். அப்ப மாட்டன் எண்டு சொல்லேலாது.”

“அவையை ஆரும் கேக்க மாட்டினமோ?”

“பார்லிமென்ற் லீவிலை எண்டாலும் பத்து நாளுக்குள்ளை கூட்ட வேணும். இஞ்சை எழுதிக் கிடக்கு.”

எமில்டா அந்த வரியில் விரல் வைத்து இரண்டு தரம் வாசித்தாள்.

“மன்னாரிலை என்ரை தம்பியைச் சங்கக்கடை அரிசி வரிசையிலை வைச்சு வாகனத்திலை ஏத்திக்கொண்டு போனவங்கள். ஒரு கடிதத் துண்டுகூடத் தரேல்லை. ஆரிட்டைப் போய்க் கேக்கிறதெண்டும் தெரியேல்லை.” நிமிர்ந்தாள். “நீ போக விரும்புறியோ?”

“ஓம்.”

“என்ரை முகத்தைப் பாத்துச் சொல்லு.”

“ஓம், அம்மா.”

எமில்டா விறைத்திருந்த கடிதத்தை எடுத்துத் துடைத்து, மேசையில் விரித்து, பேனையும் கொண்டுவந்து வைத்தாள். மகள் கையெழுத்து வைத்ததும் தானும் குளிர்க்கோட்டை மாட்டிக்கொண்டாள்.

“நீங்கள் எங்கை?”

“கடிதத்தை வாங்கிற ஆளை நான் பாக்க வேணும்.”

பஸ்ஸில் மகளுக்குப் பக்கத்திலேயே இருந்து போனாள். பயிற்சி மண்டப வாசலில் சார்ஜன்ற்றின் பெயரையும் தொலைபேசி எண்ணையும் கேட்டாள். அவர் எழுதிக் கொடுக்கும்வரை அசையவில்லை.

றெஜினா இப்போது லாட்வியாவில் இருக்கிறாள். மார்கழியில் வர வேண்டும். சார்ஜன்ற் எழுதிக் கொடுத்த துண்டைக் கைப்பையில் வைத்துக்கொண்டு, எமில்டா காலை ஆறு மணிக்கு வேலைக்குப் போகிறாள்.